உன் தாத்தாவுக்கு வந்த கடிதம் என்னிடம் இருக்கிறது

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு சேகர்,

ஏழு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்துவிட்டது. குண்டு மணி இன்னும் கடனைத் திருப்பவில்லை, உன்னுடையதையும் சேர்த்துத்தான். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்குப் போனேன். தலைவர்களும் கலைஞர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களை நான் சேர்ப்பது உனக்குத் தெரியும், நீ கிண்டல் செய்வதும் தெரியும். பழைய புத்தகம் விற்கிறவர் ஒருவர், ஒரு பெரிய தலைவர் ஒரு பெரிய நடிகருக்கு 1964-இல் எழுதியது என்று ஒரு தாளை நீட்டி நாலாயிரம் கேட்டார். தாள் நல்ல பழுப்பு. கையெழுத்தும் கச்சிதம். ஆனால் தலைப்பு முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தது! பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-இல்தானே? திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிளம்பும்போதுதான் கீழே கிடந்த ஒரு கட்டைப் பார்த்தேன். நாடக நோட்டீஸ்கள், அரிதாரக் கணக்கு, நடுவில் ஒரு உறை. தபால்தலையில் நயா பைசா. அப்படியென்றால் அநேகமாக அந்தப் பெயர் புழங்கிய 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டதாக இருக்கவேண்டும். முகவரியில் திருப்பாதிரிப்புலியூர், உன் தாத்தா பெயர்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்டா.

எழுதியவர் அந்தக் கால அமைச்சர் ஒருவர். பெயரை இதில் எழுதமாட்டேன், வந்து பார். நாடகம் போட்டு வசூல் செய்து கொடுத்ததற்கு நன்றி என்று நாலு வரி தட்டச்சில். அதை உதவியாளர்கூட அடித்திருக்கலாம். ஆனால் கையெழுத்து பேனா மையில். தாளைத் திருப்பினால் மை பின்பக்கம் ஊறியிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அழுத்திய இடம் தடித்து, இழுத்த இடம் மெலிந்து ஓடுகிறது. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரியோ அச்சு மாதிரியோ தெரியவில்லை. அதற்குக் கீழே அதே மையில், தும்பிக்கை வைத்த பழைய 'லை' எழுத்தோடு, கையால் ஒரு வரி: "கச்சேரிக்கு வர இயலவில்லை. ஹார்மோனியம் பழுது பார்த்தாயிற்றா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாம் இரண்டு பேரும் டவுசர் காலத்தில் ஏறி மிதித்த ஹார்மோனியம் அது.

சேகர், இந்தக் கட்டு அந்தச் சந்தைக்கு எப்படிப் போனது என்று உனக்கே தெரியும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' என்ற புயல் அடித்தது. ஓடு பறந்து கூடமெல்லாம் தண்ணீர். நனைந்த காகிதத்தையெல்லாம் நீ எடைக்குப் போட்டாய். சாக்கைக் கட்டினவன் நான். தாத்தாவின் நடுங்கிய கையெழுத்துகூட அதில் இருந்தது, பார்த்தும் கட்டினேன். இத்தனை வருஷமாக அதை உன்னிடம் சொல்லவில்லை.

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1970-இல் விமானத்தில் இருந்தபடியே, விமானக் கம்பெனியின் தாளில் அதிபர் நிக்சனுக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதிபர் மாளிகைக்கு வந்த தாள், அதனால் பிழைத்தது. நம் பக்கம் மேடையும் கட்சியும் ஒட்டி வளர்ந்தவை. நாடகத்தில் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாள் 1951-இல் சட்ட மேலவைக்கே போனார். அண்ணா எழுதிய நாடகத்தில் நடித்துத்தான் கணேசனுக்குச் சிவாஜி என்ற பெயரே வந்தது. அவர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. ஊர் ஊராகப் பெட்டி தூக்கிய உன் தாத்தா மாதிரி ஆட்களின் பங்கு எங்கே இருக்கிறது? பரணில்தான். அதையும் நாம் எடைக்குப் போட்டுவிட்டோம்.

இப்போது என் கையில் இருப்பது பதில் மட்டும். "தங்கள் 12-ஆம் தேதிக் கடிதம்" என்று தொடங்குகிறது. தாத்தா எதையும் நோட்டில் ஒருமுறை எழுதிப் பார்க்காமல் நல்ல தாளில் எழுதமாட்டார், ஞாபகம் இருக்கிறதா? அந்த நீல அட்டை நோட்டுகள் உன் அம்மாவோடு பெங்களூருக்கு வந்த தகரப் பெட்டியில் இருக்கவேண்டும். திறந்து பார். ராமபாணப் பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தை இழுத்துப் பிரிக்காதே. தயவுசெய்து எதையும் லேமினேட் செய்துவிடாதே. சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிவிடும், பிறகு காகிதம் கெடாமல் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். செலோடேப்பும் வேண்டாம். வெயில் படாமல் தட்டையாக வை, போதும்.

கடிதம் உன்னுடையது. விலை எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்காதே. தபாலில் அனுப்ப மனசு வரவில்லை, பொங்கலுக்கு வந்து வாங்கிக்கொள்.

அதற்கு முன்னால் அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல். அந்த ஹார்மோனியம் அப்போது பழுது பார்த்தார்களா?

உன்,
ராஜா