நீல ஸ்வெட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன் புது வேலையைப் பற்றிக் கேட்பவரிடமும் சொல்கிறேன், கேட்காதவரிடமும் சொல்கிறேன். அப்புறம், நீ விட்டுப்போன நீல ஸ்வெட்டரை அம்மா எடுப்பதற்குள் நானே சோப்பில் ஊறவைத்துவிட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும். முப்பது வருஷம் அதே சிகரெட் வாசனையைச் சட்டையில் சுமந்தவன் நான். போனில் பேசும்போது நடுவில் ஒரு சின்ன நிறுத்தம், பிறகு நீளமாக ஒரு மூச்சு. அதுவும் எனக்குப் பழக்கமான சத்தம்தான்.

என் சம்பளம், என் இஷ்டம் என்பாய். சரி. ஆனால் 1929-இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட்டோடு நடக்கவிட்டு, அதை ‘விடுதலைத் தீப்பந்தம்’ என்று விளம்பரப்படுத்தியவர் எட்வர்ட் பெர்னேஸ். விளம்பர ஆலோசகர்; காசு கொடுத்தது சிகரெட் கம்பெனி. அதற்கு முந்தின வருஷம் அதே கம்பெனிதான், இனிப்பு வேண்டாம், சிகரெட்டை எடு என்று பெண்களிடம் சொன்னது. உடம்பு போட்டுவிடும் என்ற பயத்தைக்கூட விற்றுத் தின்றவர்கள். இவ்வளவு படித்த உனக்கு நான் சொல்லவேண்டுமா?

‘லைட்’ சிகரெட் என்பதையும் நம்பாதே. புகையோடு காற்று கலக்கட்டும் என்று ஃபில்டரில் ஊசித்துளை போட்டிருப்பார்கள். நம் விரல் அதை மூடிவிடும், போதாததற்கு இன்னும் ஆழமாக இழுப்போம். அப்பா எழுதக்கூடாத விஷயம், இருந்தாலும் எழுதுகிறேன்: கருத்தடை மாத்திரையோடு சிகரெட்டும் சேர்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும், 35 வயதுக்கு மேல் ரொம்பவே. டாக்டரிடமாவது மறைக்காதே. முப்பதுக்குள் விட்டவர்களுக்குக் கூடுதல் ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. உனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. முதல் மூன்று நாள்தான் பெரிய பாடு. விட்டுவிடு, பாப்பா.

இதற்கு முன் ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். அதில் நாலு இடத்தில் ‘பெண் பிள்ளை’ என்று வந்திருந்தது. உன் அண்ணன் பத்து வருஷமாகப் பிடிக்கிறான். அவனுக்கு ஒரு வரி எழுதியிருப்பேனா? அவன் நுரையீரல் மட்டும் இரும்பா? உன் விஷயத்தில் பாதி பயம், பாதி நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

உனக்கு அப்போது ஐந்து வயது. நான் பற்றவைத்ததும் தீக்குச்சியை உன் முன்னால் நீட்டுவேன். கன்னத்தை உப்பி ஊதி அணைப்பாய். கருகின குச்சிகளை எண்ணி எண்ணி டப்பாவில் போட்டுவைப்பாய். மடியில் உட்கார்ந்து என் புகையைத்தான் சுவாசித்தாய். ராத்திரி இருமினால் அம்மாவிடம் ‘பனி ஒத்துக்கொள்ளவில்லை’ என்பேன். பனி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஸ்வெட்டர் காய்ந்துவிட்டது, மடித்து வைத்திருக்கிறேன். அண்ணனுக்கும் இன்றைக்கே எழுதப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மா பக்கத்தில் இருந்தால் வேறு எதையாவது பேசுவோம்.

அப்பா