மருமகனுக்கு, ஒரு கிலோ கடலைமிட்டாய் பற்றி

மாப்ளே,

தீபாவளி முடிந்த கையோடு ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ போன் பண்ணினாய். அந்த நேரத்தில் போன் அடித்தால் இங்கே யாருக்கும் நல்ல நினைப்பு வராது. உன் அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நீ சொன்னது இவ்வளவுதான்: "மாமா, ரூம் பசங்களுக்குக் குடுன்னு அம்மா ஒரு கிலோ கடலைமிட்டாய் குடுத்து விட்டாங்கல்ல. நேத்தும் இன்னைக்குமா நானே தின்னுட்டேன். சேவும் முடிஞ்சிருச்சு."

நான் சிரித்தேன். "பலகாரம்தானேடா, விடு. நாளைக்கு ஒரு வேளை லங்கணம் போடு, பட்டினி கிட, எல்லாம் சரியாயிரும்" என்றேன். "அதான் மாமா, சஷ்டி விரதம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன், ஆறு நாளும் ஒண்ணும் சாப்பிடப் போறதில்ல" என்றாய். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி மாமா, வைக்கிறேன்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு கிலோ கடலைமிட்டாய் தின்றதைச் சொல்வதற்காக யாரும் ராத்திரி ஒன்றரை மணிக்கு மாமாவைக் கூப்பிட மாட்டார்கள். நீ அழுதுகொண்டிருந்தாய், நான் லங்கணம் சொன்னேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். உன்னைக் கேட்டுத்தான் பொதுவில் போடுகிறேன். பெயர் போடவில்லை.

முதலில் என் கதை. இது உன் அம்மாவுக்கே தெரியாது.

உன் தாத்தா இறந்தபோது நான்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். காரியம், பதினாறாம் நாள், ஆஸ்பத்திரி பில், பட்டா மாற்றம். பேங்கில் கேஷ் கவுண்டரில் ஒரு ரூபாய் பிசகவில்லை. "நல்லா தாங்கிக்கிட்டான்" என்று ஊரே சொன்னது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நான் அடுப்படியில் நிற்பேன். லைட் போட மாட்டேன், பிரிட்ஜ் வெளிச்சமே போதும். எவர்சில்வர் டப்பா மூடியைத் துண்டால் பொத்தி, கட்டைவிரலால் மெதுவாக நெம்பினால் சத்தம் வராது. ஒரு மாதத்தில் அதில் கைதேர்ந்துவிட்டேன். தண்ணி ஊற்றி வைத்த சோறு, தயிர், ஊறுகாய், அப்புறம் ரஸ்க், ரஸ்க் தீர்ந்தால் பிள்ளைகளின் ஹார்லிக்ஸ் பவுடர் ஸ்பூன் ஸ்பூனாக. உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. மூன்றாவது ரஸ்க்குக்கு மேல் ருசி தெரியாது, பசியும் கிடையாது. வயிறு வலிக்கும்போதும் கை டப்பாவுக்குள் போகும்.

ஆனால் அந்த இருபது நிமிஷம் ஐசியூ கதவு கண்ணுக்கு முன்னால் வராது மாப்ளே. அதற்காகத்தான் தின்றேன். கடைசி மூன்று நாள் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சும், அந்தக் கதவின் வட்டக் கண்ணாடியும், "இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பார்த்திருக்கலாமோ" என்ற கேள்வியும் வாய் மென்றுகொண்டிருக்கும் வரை வராது. மூடியைத் திருப்பி மூடியதும் எல்லாம் வந்துவிடும். கூடவே, நாற்பது வயதில் பிள்ளைகளின் ஹார்லிக்ஸைத் திருடித் தின்கிற ஆள் என்ற அசிங்கமும் வரும்.

இதைப் பின்னாளில் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. டாட் ஹெதர்டன், ராய் பௌமைஸ்டர் என்று இரண்டு உளவியலாளர்கள் 1991-லேயே இதை எழுதியிருக்கிறார்கள். தன்னைப் பற்றிய நினைப்பே தாங்க முடியாமல் போகிறபோது, மனசு கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒரு சின்ன விஷயத்தில் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. மெல்வது, விழுங்குவது, அடுத்த வாய். பெரிய கேள்விகள் அந்த நேரத்துக்கு வாசலில் நிற்கும். அவர்கள் அதைத் தன்னிடமிருந்து தப்பிப்பது என்கிறார்கள். எவர்சில்வர் டப்பா மூடி திறந்தவனுக்கு இது சட்டென்று புரியும்.

நம் பேச்சிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. "துக்கத்துல சோறு இறங்கல" என்போம். சாப்பிடாதவன்தான் துக்கப்படுகிறவன். தட்டை வழித்துச் சாப்பிடுகிறவனை "நல்லாத்தான் இருக்கான்" என்று விட்டுவிடுவோம். தினமும் உன் அம்மா போனில் கேட்பது "சாப்டியா?" நீயும் "சாப்ட்டேம்மா" என்கிறாய். பொய்யும் இல்லை. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மனச்சோர்வின் அறிகுறிகளை டாக்டர்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் பசி குறைவதும் இருக்கிறது, பசி கூடுவதும் இருக்கிறது. ஒரு வகையில் பசியும் கூடும், தூக்கமும் கூடும், கைகால் ஈயத்தைக் கட்டிவிட்டதுபோல் கனக்கும். யாராவது ஒரு வார்த்தை கடிந்து சொன்னால் நாள் பூராவும் குடையும். நல்லது ஏதாவது நடந்தால் முகம் மலரவும் செய்யும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆவணியில் சித்தி மகள் கல்யாணத்தில் நீ ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நானே ஏமாந்தேன். மறுநாள் மதியம் மூன்று மணி வரை நீ எழுந்திருக்கவில்லை என்பதைக் களைப்பு என்று நினைத்தேன்.

இந்தச் சாப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் பின்ஜ் ஈட்டிங் என்று பெயர். தமிழில் ஒரு சொல் தேடிப் பார்த்தேன். பெருந்தீனி என்றால் திட்டுவதுபோல் இருக்கிறது, விட்டுவிட்டேன். ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை 1959-ல் விவரித்து எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது 2013-ல். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவரை வாயைக் கட்டத் தெரியாதவன் என்றுதானே உலகமே சொல்லியிருக்கும்?

அளவு மட்டும் இதில் பேச்சில்லை. கல்யாணப் பந்தியில் மூன்று தடவை பாயசம் வாங்கினால் அது நோய் ஆகாது. நாலு பேரோடு உட்கார்ந்து, சிரித்துப் பேசி, போதும் என்றால் இலையை மூடிவிடலாம். இங்கே இலையை மூட முடியாது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் நிறுத்த வராது. வேகமாக, பசியில்லாமல், தனியாக, ஒளித்து. அப்புறம் அருவருப்பு. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாசம் இப்படி நடந்தால் அந்தக் கையேடு அதை நோய் என்கிறது. உன்னுடையது அதுதானா என்பதை டாக்டர் சொல்லட்டும். நான் கேஷியர்.

இப்போது அந்த லங்கணத்துக்கு வருகிறேன். என் முட்டாள்தனம் அதில்தான் இருக்கிறது.

1944 நவம்பரில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை தொடங்கினார்கள். போர் முடிந்ததும் பட்டினியில் கிடந்த ஜனங்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆன்சல் கீஸ் என்பவர் நடத்தினார். மனசாட்சிக்கு விரோதம் என்று ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே வந்தார்கள். நல்ல உடம்பு, நல்ல மனசு என்று சோதித்துப் பார்த்து எடுத்தவர்கள். ஆறு மாசம் அரை வயிற்றுச் சாப்பாடு. கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் ஒட்டாத தன்மை. சோதனை முடிந்து சாப்பாட்டைத் திறந்து விட்டபோது பலர் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்காமல் திண்டாடினார்கள். போருக்குப் போ என்று அரசாங்கமே சொல்லியும் முடியாது என்று நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

உன் ஆறு நாள் விரதம் ஏழாம் நாள் ராத்திரியைத்தான் தயார் பண்ணும். ஒரு நாள் தின்றதற்கு மறுநாள் பட்டினி, பட்டினிக்கு மறுநாள் திரும்ப டப்பா. எனக்கு எட்டு மாசம் இந்தச் சக்கரம் ஓடியது. சஷ்டி விரதத்தை நான் குறை சொல்லவில்லை. நம் வீட்டில் தலைமுறையாக இருப்பதுதான். பக்திக்கு இருக்கிற விரதம் வேறு, தன்னைத் தண்டிக்க இருக்கிற பட்டினி வேறு. இந்த வருஷம் நீ இட்லி சாப்பிட்டால் திருச்செந்தூர்க்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் முதலில் போனது எடை கூடியதற்காக ஒரு டாக்டரிடம். ஒரு டயட் சார்ட்டைக் கையில் கொடுத்து "கொஞ்சம் வாயைக் கட்டுங்க சார்" என்றார். பத்து நாள் கட்டினேன். பதினோராம் நாள் ராத்திரி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதாகப் போனது மனநல டாக்டரிடம். அவர் எடை மெஷின் பக்கமே கூட்டிப்போகவில்லை. "டப்பாவைத் திறக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி என்ன நினைச்சிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். யாரும் அதுவரை கேட்காத கேள்வி. நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அந்த அழுகை தாத்தா இறந்த அன்றைக்கு வந்திருக்க வேண்டியது.

அவர் சொன்னதில் முதல் விஷயம் எனக்குத் தலைகீழாகப் பட்டது. ராத்திரி எவ்வளவு தின்றிருந்தாலும் காலை எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் ரெண்டு தடவை சின்னதாக ஏதாவது. மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப் போடக்கூடாது. நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றுகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இதைத்தான் முதல் படியாக வைக்கிறார்கள். பகலில் வயிறு ஒழுங்காக நிறைந்தால் ராத்திரி வருவதில் எது பசி, எது துக்கம் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. உனக்கு நைட் ஷிப்ட் என்பதால் உன் காலை எது என்று நீதான் முடிவு பண்ண வேண்டும். தூக்கம் கெட்டாலும் பசி தாறுமாறாகும், அதையும் டாக்டரிடம் சொல். ஒரு சின்ன நோட்டில் எழுதச் சொன்னார். எத்தனை தின்றேன் என்று எழுதக்கூடாது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும். என் நோட்டில் பாதிப் பக்கத்தில் தாத்தா இருந்தார், மீதியில் மேனேஜர்.

மாத்திரை கொடுத்தால் பயப்படாதே. மனச்சோர்வு மாத்திரைகளில் சில பசியைக் கிளப்பும். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றச் சொல், நீயாக நிறுத்தாதே. தின்றதை வாந்தி எடுத்துக் கழிக்கிற பழக்கம் இருந்தால் அதை மறைக்கவே மறைக்காதே. உடம்பில் பொட்டாசியம் இறங்கினால் இதயத்துக்கே ஆபத்து. "ஜிம்முக்குப் போடா, சரியாகும்" என்று உன் அப்பா சொல்வார். பாசத்தில் சொல்கிறார், கோபப்படாதே, ஆனால் முதலில் அங்கே போகாதே.

ஒரு கேள்வியை நேராகவே கேட்கிறேன். ஆடி மாசம் பேசும்போது "இருந்து என்ன மாமா" என்றாய். சாகலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன். எனக்கு லைன் கிடைக்காவிட்டால் 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னமும் எனக்கு வருஷத்துக்கு ரெண்டு மூன்று ராத்திரி அப்படி வரும். தாத்தா திதி சமயத்தில் கட்டாயம் வரும். இப்போது உன் அத்தையை எழுப்பிவிடுகிறேன். அவள் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்து, லைட்டைப் போட்டு, தோசை ஊற்றித் தருவாள். தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுவேன். ரெண்டு தோசையில் நிற்கிற நாளும் உண்டு, நிற்காத நாளும் உண்டு.

வெள்ளிக்கிழமை ராத்திரி கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை காலையில் எழும்பூருக்கு வந்துவிடு, ஸ்டேஷனுக்கு வெளியிலேயே எங்கேயாவது டிபன் சாப்பிட்டுவிட்டு டாக்டரைப் பார்க்கப் போகலாம். பதினொரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். உன் அம்மா இன்னொரு கிலோ கடலைமிட்டாய் கட்டி வைத்திருக்கிறாள். கொண்டு வரவா வேண்டாமா, நீயே சொல்லு.

மாமா