வெண்ணெய் போடாத சூப்

நாயுடுபுரம், கொடைக்கானல்
ஞாயிற்றுக்கிழமை இரவு

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

போனில் சொன்னால் பாதியிலேயே “சரிம்மா, மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிடுவாய். இது பாதியில் விடுகிற விஷயம் இல்லை. அதனால்தான் காகிதம். உன் பழைய கெமிஸ்ட்ரி நோட்டில் எழுதாத பக்கம் நிறையக் கிடக்கிறது, அதிலிருந்து கிழித்தது.

ஆயுத பூஜை லீவில் வந்தபோது செய்து கொடுத்த நூடுல்ஸ் சூப்பை எழுதி அனுப்பு என்று கேட்டாய். ரூமில் இருக்கிற பையன்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்றாய். நானும் அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சூப்பில் வெண்ணெய் இருந்தது.

ஒரு கரண்டி. நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் போட்டேன். பால், தயிர், நெய், முட்டை ஒன்றும் வேண்டாம் என்று நீ விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் போட்டேன். மேலே மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு மிதந்தது. அதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாயோ என்று கொத்தமல்லியை இரண்டு கைப்பிடி தூவினேன். நீ இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, “பார்த்தியாம்மா, வெண்ணெய் இல்லாமலேயே எப்படி இருக்கு” என்றாய். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தார், எல்லாம் பார்த்திருக்கிறார். நேற்று வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

உடம்புக்கு வேண்டுமே என்று போட்டேன் என்று சொன்னால் பொய். சப்பென்று இருந்தால் நீ முகத்தைச் சுளிப்பாயே என்ற பயம்தான். ஏரிக்கரையில் இருபது வருஷமாக வண்டி போட்டவள், ஒரு கிண்ணம்கூடத் திரும்பி வந்ததில்லை. சொந்தப் பிள்ளை மிச்சம் வைத்துவிடுவானோ என்ற வீம்பு. தப்புத்தான் தம்பி. நீ கோபப்படலாம். ஆனால் மீதியையும் படித்துவிட்டுக் கோபப்படு. இந்த மூன்று வாரமாக வெண்ணெய் இல்லாமல் அந்தச் சூப்பைக் கொண்டுவரத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் அந்தச் சூப் என்னிடம் வந்தபோது அதில் வெண்ணெயே கிடையாது. 2015 உனக்கு ஞாபகம் இருக்கும், ஒன்பதாவது படித்தாய். ஜூன் மாதம் பொட்டல நூடுல்ஸ் திடீரென்று கடையில் இல்லாமல் போய், நவம்பரில்தான் திரும்பி வந்தது. நம் வண்டியில் பாதி வியாபாரம் அதுதான். பிரெட் ஆம்லெட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஈ ஓட்டினோம். பக்கத்தில் ஸ்வெட்டர் விற்ற திபெத்தியக்காவைத் தெரியுமல்லவா, மைசூர் பக்கம் பைலகுப்பேயில் இருந்து வந்தவர். அரைத் தமிழும் கால் கன்னடமுமாகப் பேசுவார். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன் தூக்குவாளியில் இருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். துக்பா, அவர்கள் ஊர் நூடுல்ஸ் சூப். அது அவர்களுக்குச் சாகா தாவா மாதம், புத்தருக்கு உரிய மாதம். நிறையப் பேர் அப்போது கறி தொடமாட்டார்களாம். அதனால் வெறும் முள்ளங்கி, கேரட், கீரை, பூண்டு. நூடுல்ஸும் கடையில் வாங்கியது இல்லை. மைதா, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். பிசைந்து ஊறவிட்டு, தேய்த்து நீளநீளமாக வெட்டியது. அவசரத்துக்கு மாவைக் கையாலேயே பிய்த்துப் பிய்த்துக் கொதிக்கிற குழம்பில் போடுவதும் உண்டு, அதற்குப் பெயர் தெந்துக். நீ பிய்த்துப் போட்டால் ஒன்று கொழுக்கட்டை மாதிரி விழும், அதனால் அதை இப்போது முயற்சி செய்யாதே.

அதைக் கற்றுக்கொண்டு வண்டியில் போட்டேன். டூரிஸ்ட்டுக்குப் பிடிக்கட்டும் என்று நான்தான் வெண்ணெய் சேர்த்தேன். பத்து வருஷத்தில் கை அதற்கே பழகிவிட்டது. எது குறைந்தாலும் ஒரு கரண்டி வெண்ணெய், சரியாகிவிடும். இப்போது அதை எடுத்துவிட்டு நின்றால், எனக்கு வேறு ஒன்றுமே தெரியவில்லை.

முதல் வாரம் காய்களைப் போட்டுக் கொதிக்கவைத்தேன். அப்பா குடித்துவிட்டு “ஆஸ்பத்திரியில் கொடுப்பாங்களே, அது” என்றார். அடுத்து கார்ன்ஃபிளார் கரைத்து ஊற்றினேன், போஸ்டர் ஒட்டலாம். அப்புறம் தேங்காய்ப்பால். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது சொதி. சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம்.

அப்புறம் புதன்கிழமை ரசம் வைக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. ரசத்துக்கு நாம் என்ன செய்கிறோம்? பருப்புத் தண்ணீர் ஊற்றுகிறோம். அது இல்லாவிட்டால் புளித்தண்ணீர், இருந்தால் ரசம். வெண்ணெய் கொடுத்த அந்த வழவழப்பை இது கொடுத்துவிடும். ருசிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் என் கோளாறு.

சரி, இப்போது செய்முறை. இரண்டு பேருக்குச் சொல்கிறேன்.

இரண்டு பெரிய வெங்காயத்தைத் தோலோடு குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி இரும்புத் தவாவில் கவிழ்த்து வை. எண்ணெய் வேண்டாம். உங்கள் ரூமில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்புதானே, இரும்புத் தவா அதில் ஏறும். திருப்பித் திருப்பிப் பார்க்காதே. கரி மாதிரி கறுக்கும் வரை அப்படியே கிடக்கட்டும். கருகினால் கசக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன், இங்கே அது செல்லாது. முகம் மட்டும் கறுத்து உள்ளே வெள்ளையாக இருக்கிறவரை கசக்காது, இனிக்கும். சூப்புக்கு நிறமும் அதிலிருந்துதான் வரும். அதே தவாவில் இரண்டு தக்காளியையும் சுட்டுக்கொள்.

அடுத்து காளான், 200 கிராம் பட்டன் காளான் பாக்கெட் ஒன்று. மெல்லிசாக வெட்டி அதே தவாவில் போடு. உப்பு இப்போது வேண்டாம். முதலில் அதிலிருந்து தண்ணீர் ஊறி, தன் தண்ணீரிலேயே வேகும். பார்க்க வெள்ளையாக, வழுவழுவென்று, இது எதற்கு ஆகப்போகிறது என்று இருக்கும். பொறு. தண்ணீர் வற்றி, சலசல சத்தம் நின்று, சொரசொரவென்று வேறு சத்தம் வரும். அப்போதுதான் விளிம்பு பழுப்பாகும். பாதியாகச் சுருங்கிவிடும். அந்த வாசனை வந்த பிறகுதான் கிளற வேண்டும். எங்கே நின்றாலும் உனக்குப் பசிக்கும், அதுதான் அடையாளம்.

வண்டிக்கு வருகிறவர்கள் “அஜினமோட்டோ போடாதீங்கம்மா” என்பார்கள். 1908-இல் ஜப்பானில் இக்கேடா என்ற பேராசிரியர் கடல்பாசி போட்டுக் கொதிக்கவைத்த நீரில் இருந்து அந்த ருசியைப் பிரித்தெடுத்தார் என்று நீதான் ஒருநாள் எனக்குப் படித்துக் காட்டினாய். அதே ருசி தக்காளியிலும் காளானிலும் தானாகவே இருக்கிறதாம். அன்றைக்குப் பாதிதான் காதில் வாங்கினேன். இப்போது புரிகிறது.

பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர். சுட்ட வெங்காயம், தக்காளி, காளானில் பாதி, தட்டிய பூண்டு எட்டுப் பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, மிளகு பத்து, கொத்தமல்லித் தண்டு, கேரட்டின் தலையும் வாலும். முட்டைகோஸ் தண்டை மட்டும் போடாதே, ரொம்ப நேரம் கொதித்தால் நாறும். வடிகட்டும்போது ஒரு லிட்டர் இருக்க வேண்டும்.

நேரத்துக்கு என் கணக்கை எடுத்துக்கொள்ளாதே. கல்யாணமாகி வத்தலகுண்டில் இருந்து மேலே வந்த முதல் வாரம், எனக்குப் பருப்பே வேகவில்லை. என்ன குற்றம் செய்தேனோ என்று அழுகை வந்துவிட்டது. உன் அப்பத்தாதான் “மலையிலே அப்படித்தான் புள்ள, விறகைத் தள்ளு” என்றார். நம் ஊர் ஏழாயிரம் அடி உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், உங்கள் சென்னையில் 100 ஆக வேண்டும். அதனால் இங்கே தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, வேகாது. எனக்கு முக்கால் மணி நேரம் என்றால் உனக்கு அரை மணி போதும். நூடுல்ஸை, பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே எடுத்துவிடு.

இன்னொரு அடுப்பில் பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, குழைய வேகவைத்து, மசித்து, வடிகட்டிய சூப்பில் கரைத்து விடு. சாம்பார் மாதிரி ஆகிவிடக் கூடாது. கரண்டியின் முதுகில் மெல்லிசாக ஒட்டினால் சரி. உப்பும் சோயா சாஸும் கடைசியில். சாஸிலேயே உப்பு இருக்கிறது என்பதை உன் அப்பா மாதிரி மறந்துவிடாதே.

நூடுல்ஸைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்து, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி வை. சூப்பிலேயே போட்டு வேகவைத்தால் மாவெல்லாம் இறங்கிக் கஞ்சியாகிவிடும். வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் படி. பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைக்காதே, நம் ஊர்ச் சட்டப்படி பாலுக்கும் பச்சைப் புள்ளிதான். இதை நான் உனக்குச் சொல்கிறேன் பார்! ஆனால் பொட்டல மசாலாவில் பால் பவுடர் இருக்கலாம் என்று எனக்கே இந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது.

கிண்ணத்தில் நூடுல்ஸ், மேலே பல்லுப்பல்லாக நறுக்கிய கேரட், முட்டைகோஸ், மீதிக் காளான். கேரட்டை ஒரு கொதி விட்டு எடுத்துக்கொள். அப்புறம் சூப்பை நன்றாகக் கொதிக்கக் கொதிக்க ஊற்று. கடைசியாக ஒரு தாளிப்பு: நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன், பொடியாக நறுக்கிய பூண்டு, மிளகாய் வற்றல் ஒன்று. பூண்டு பொன்னிறமாகும்போதே எண்ணெயோடு மேலே கொட்டிவிடு. சீனாக்காரர்கள் ஊற்றுகிற எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, கறுப்பாக இருக்கும், நம்முடையது அந்த வாசனை வராது. அதனால் ஒரு ஸ்பூன் எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவினால் ஆச்சு.

நேற்று இதைச் செய்து அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். குடித்துவிட்டு, கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். மேலே எண்ணெய் பொட்டுப் பொட்டாக மிதந்தது. “மறுபடியும் போட்டியா?” என்றார். இத்தனை நாள் கழித்து முதல் கேள்வி! போடவில்லை என்று சொன்னேன். நம்பவில்லை. வெண்ணெய் டப்பாவைத் திறந்து காட்டிய பிறகுதான் இன்னொரு கிண்ணம் கேட்டார்.

பூண்டு உனக்கு இங்கிருந்தே அனுப்புகிறேன். வில்பட்டிக்காரர் கொண்டுவந்தது, புகையில் கட்டித் தொங்கவிட்டது, லேசாகப் புகை வாசனை அடிக்கும், கெட்டுப்போயிற்று என்று தூக்கிப் போட்டுவிடாதே. நம் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்த பிறகு விலை கேட்டால் மயக்கம் வருகிறது, ஆனாலும் ஒரு கிலோ வாங்கிவிட்டேன். கேரட்டும் இரண்டு கிலோ, இன்று சந்தையில் எடுத்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், புதன் காலை போய் வாங்கிக்கொள். மஞ்சள் பை, உன் பெயர் எழுதியிருக்கும்.

பி12 மாத்திரை சாப்பிடுகிறாயா? செடியிலும் கொடியிலும் அது கிடையாது என்று டாக்டரம்மா சொன்னார். அதையும் சூப்பில் ஒளித்துப் போட எனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு வரும்போது அடுப்பில் நீயே நில். நான் அடுப்படிக்குள் வரமாட்டேன். சந்தேகமாக இருந்தால் அப்பாவை வாசலில் நிறுத்திக்கொள், அவருக்குப் பழக்கம்தான்.

அன்புடன்,
அம்மா