உதிரிபாகத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்: பேனா நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் பழைய மாடல் மைப்பேனாவை மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். கிடங்கில் பல காலமாகப் பிரிக்காமல் கிடந்த அசல் பாகங்களைக் கோத்து, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, மரப்பெட்டியில் வைத்துத் தருகிறீர்கள். அந்த விளம்பரப் படத்தை வாடிக்கையாளர் ஒருவர் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினார். ஒரு தட்டு நிறைய கறுப்பு எபனைட் நாக்குகள், ஒன்றுகூடச் சிதையாமல். எபனைட் என்பது கெட்டியாக்கிய ரப்பர்; நாக்கு என்பது நிப்புக்கு அடியில் இருந்து மை இறக்கித் தரும் பாகம். பார்த்ததும் வயிறு எரிந்தது. அந்த நாக்கில் ஒன்றே ஒன்று விலைக்குத் தரும்படி உங்களுக்கு எழுதியவன் நான். அந்த மாடலுக்கு எந்தப் பாகமும் இருப்பில் இல்லை என்று பதில் வந்தது உங்கள் அலுவலகத்திலிருந்துதான்.

மதுரையில் மேல மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பேனா பழுதுபார்க்கிறேன். எனக்கு முன்னால் அதே மேசையில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் அந்த நாக்கைக் கேட்டது எனக்காக இல்லை. திருமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்காக. பத்திரம் எழுதிப் பிழைத்தவர். கம்ப்யூட்டர் வந்தபின் அந்தத் தொழில் போயிற்று, எழுத்து போகவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போகிற ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தண்ணீர்க் குழாய், இப்படி. காசு வாங்குவதில்லை.

அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம். பால்பாயிண்ட் பேனாவை அழுத்திப் பிடித்து நாலு வரி எழுதுவதற்குள் கை விறைத்துவிடும். மைப்பேனாவை அழுத்த வேண்டியதில்லை, தாளில் சும்மா வைத்து இழுத்தால் போதும். அவர் கையில் இருப்பது உங்கள் பழைய பேனா, பில்லரால் மை ஊற்றும் வகை. தொழில் கற்றுக்கொடுத்தவர் கொடுத்த பேனா அது. கல் தரையில் நிப்பு முனை கீழாக விழுந்து நிப்பும் வளைந்தது, நாக்கும் உடைந்தது.

நிப்புக்குப் பஞ்சமில்லை. 35-ஆம் நம்பர் நிப்பு இன்றும் கிடைக்கிறது. கிடைக்காதது நாக்குதான். நிப்பும் நாக்கும் செருகியிருக்கும் பகுதிதான் பேனாவின் கழுத்து. உங்கள் பேனாக் கழுத்தின் துளை அளவுக்கு வேறெந்த நாக்கும் சரியாக உட்காராது; மெல்லியதைப் போட்டால் கழன்று விழும், பருத்ததைத் திணித்தால் கழுத்து விரியும். அதனால் எபனைட் கம்பி வாங்கி நானே கடைந்து ராவினேன். நாக்கின் மேல்பக்கம் ஒரு காடி, அந்தக் காடிக்குள் மெல்லிய கீறல்கள். கீறல் வழியாக மை இறங்கும், காடி வழியாகக் காற்று ஏறும். அடியில் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக வெட்டியிருக்கும். பேனாவில் மை பாதிக்குக் கீழே இறங்கியதும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். தள்ளிய மையைப் பிடித்து வைப்பது அந்தப் பல்லிடுக்குகள்தான். அந்த இடுக்குகளை உங்கள் பட்டறை இயந்திரம் வெட்டிய சீரில் என் ரம்பத்தால் வெட்ட வரவில்லை. இது மதுரை. சித்திரை மாத மத்தியானத்தில் கை எவ்வளவு சுடும் என்று சொல்லத் தேவையில்லை. மனுவை முக்கால் பக்கம் எழுதியபின் பேனா மை கக்கும். கறை விழுந்த மனுவை அதிகாரி கையில் கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. முதலிலிருந்து திருப்பி எழுதுவார், அந்த விரல்களோடு.

இதைத்தான் உங்களுக்கு எழுதினேன். இல்லை என்றீர்கள். நானும் நம்பினேன். பழைய கம்பெனிகளில் கிடங்கைக் காலி செய்வது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். இருப்பதைத் தர விருப்பமில்லை என்று எழுதியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

பழைய பாகங்களைக் கோத்துப் பேனா செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. வெயில் படாமல் வைத்த எபனைட்டுக்கு வயது தெரியாது. வெளிச்சத்தில் கிடந்தால்தான் பழுப்பேறும். பயன்படாமல் கிடந்த நல்ல சரக்கு எழுதுகிறவர் கைக்குப் போவது சந்தோஷம். எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். இருக்கும் நாக்கு, கழுத்து, மூடி அத்தனையையும் பெட்டிப் பேனாவுக்கே செலவழித்துவிட்டு, ஏற்கனவே ஊரெல்லாம் மக்கள் சட்டைப் பையில் இருக்கும் உங்கள் பேனாக்களுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் இருப்பது. அதனால் கேட்கிறேன்: மீதமுள்ள பாகங்களில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கு என்று ஒதுக்குங்கள்.

உங்கள் பெட்டிப் பேனாவிலும் ஒன்று என் மேசைக்கு வந்துவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தார். அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கியிருக்கிறார். இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. நாக்கு நிப்போடு படியவில்லை, அவ்வளவுதான் கோளாறு. வெந்நீரில் காட்டி, எபனைட் இளகியதும் நிப்போடு சேர்த்து விரலால் அழுத்திக் கொடுத்தேன். அருமையாக எழுதுகிறது. கோக்கும்போது உங்கள் பட்டறையிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. போகட்டும். நாளைக்கு அந்தத் தம்பி கையிலிருந்து பேனா விழுந்து நாக்கு உடைந்தால் நான் எங்கே போவேன்? உங்களிடம் கேட்டால் நீங்கள்தான் எங்கே போவீர்கள்? கடைசி நாக்கைக் கடைசிப் பெட்டியில் வைத்து விற்றபின் உங்கள் உத்தரவாதச் சீட்டுக்கு என்ன பொருள்?

விளம்பரத்தில் சுதேசிக் காலத்தைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தைப் பற்றி மதுரைக்காரன் ஒன்று சொல்லலாம். 1935-இல் ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் செய்த சுதேசிப் பேனா, கிராமத் தொழில்களுக்காக உழைத்த காந்தியப் பொருளாதார அறிஞர் குமரப்பா வழியாகத்தான் காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. காந்தி அதில் எழுதிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அந்த ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வந்து தங்கியது எங்கள் மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில். அன்றைக்குக் கடைசல் பட்டறையில் கையால் பேனா செய்தவர்களுக்குச் செய்வது ஒரு தொழில், பழுதுபார்ப்பது வேறு தொழில் என்ற பிரிவே இல்லை. ஒடிந்ததை எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போகலாம். சுதேசியைச் சொல்லி விற்கிறவர்கள் அந்தக் கதவைச் சாத்தக் கூடாது.

பேனாவில் மட்டுமா இந்தக் கொடுமை? மிக்சி, கிரைண்டர், செல்போன், எதைக் கொண்டுபோனாலும் “பார்ட்ஸ் வராதுண்ணே, புதுசு வாங்கிக்கங்க” என்கிறார்கள். மேல மாசி வீதியில் எத்தனை ரிப்பேர் கடைகள் இப்படியே செல்போன் உறைக் கடையாக மாறின என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். கை வேலை தெரிந்தவன் கல்லாவில் உட்கார்ந்து உறை விற்கிறான். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு என்று ஓர் இணையதளமே திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் உள்ளிட்ட மின்னணுச் சாதனம், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. பேனாவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சட்டம் வந்து கட்டாயப்படுத்தட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன். அடுத்த தவணைப் பேனாவைக் கோக்கும் முன் நாக்கு, கழுத்து, மூடி, கிளிப் ஆகியவற்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். இலவசமாக வேண்டாம், நியாயமான விலை போடுங்கள். யார் வேண்டுமானாலும் மொத்தமாக அள்ளிப் போய்ப் பதுக்கிவிடுவார்கள் என்று பயந்தால், உடைந்த பாகத்தை அனுப்பினால்தான் மாற்றுப் பாகம் என்று விதி வையுங்கள். நாங்கள் அனுப்புகிறோம். மதுரையிலும் வெளியூர்களிலும் பேனா பழுதுபார்க்கிற என் போன்றவர்கள் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

பாகங்கள் உண்மையிலேயே குறைவு என்றால் நாக்கின் அளவு வரைபடத்தையாவது கொடுங்கள். காடியின் ஆழம், கீறலின் அகலம், பல்லிடுக்குகளின் இடைவெளி, இவை தெரிந்தால் இயந்திரத்தில் வெட்டித் தரும் பட்டறைகள் மதுரையிலேயே இருக்கின்றன. உங்கள் பெயரைப் பொறிக்க மாட்டோம், அசல் என்று சொல்லி விற்க மாட்டோம்.

திருமங்கலத்துப் பெரியவரின் உடைந்த நாக்கை இந்த மடலின் பிரதியோடு உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதற்கு ஈடாக ஒரு நாக்கு அனுப்பி வைக்கும்படியும், மற்றவர்களுக்கு ஒதுக்கப்போகும் பங்கைப் பற்றி எல்லோரும் பார்க்கும்படி அறிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். விலைச்சீட்டை என் பெயருக்கே போடுங்கள்.

இப்படிக்கு,
பேனா பழுதுபார்ப்பவன்,
மேல மாசி வீதிப் பக்கம், மதுரை