உன் அம்மப்பாவின் சாய்மனைக் கதிரை

கல்லடி, மட்டக்களப்பு
தை மாதம், மழை விட்ட ஒரு பின்னேரம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் எழுதாததற்கு மழையைச் சாட்டலாம், ஆனால் உண்மை அதுவல்ல. "அம்மப்பாவின் சாய்மனைக் கதிரையைத் திருத்திக் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு அனுப்பலாமா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். அந்த வரிக்குப் பதில் தேடித்தான் இவ்வளவு நாளும் போனது. நடுவில் என் மற்ற உள்ளக வடிவமைப்பு வேலைகளும் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் என் மானம் போன கதை. போன ஆடியில், கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த நேரம், பாசிக்குடாப் பக்கம் ஒரு விடுதியில் 12 அறைக்கும் தளபாடம் செய்யும் வேலை கிடைத்தது. பலா மரத்தில் கட்டில், மேசை, அறைக்கு ஒன்றாக, இழுத்துத் திறக்கும் மூன்று லாச்சி வைத்த சின்ன அலுமாரி. லாச்சிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றர் போதும் என்று படத்தில் போட்டேன். இடைவெளி தெரியாமல் இருந்தால்தான் வடிவு என்று எனக்கு ஒரு பைத்தியம், உனக்குத் தெரியும். காத்தான்குடியிலிருந்து தச்சுவேலைக்கு வரும் ஓடாவிக் காக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "மழைக்கும் கொஞ்சம் இடம் விடுங்க தம்பி" என்றார். நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

கார்த்திகையில் வாடை மழை இறங்கியது. 36 லாச்சியில் 29 திறக்க மறுத்தன. ஒரு வெள்ளைக்காரரின் கடவுச்சீட்டு உள்ளே, கொழும்புக்குப் போகும் வான் வாசலில். விடுதி முதலாளி தொலைபேசியில் பேசியதை இங்கே எழுத முடியாது. காக்காதான் சீவுளியோடு வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுத்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். இதை நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன்.

அந்தச் சூட்டோடுதான் உன் அம்மப்பாவின் கதிரையைப் பிரித்தேன். தேக்கு. ஓர் ஆணி கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று இறக்கி மரமுளை அடித்த பொருத்துகள். முதுகுப் பக்கத்தின் மேற்பலகை சட்டத்தில் ஒட்டப்படாமல், வெட்டிய தவாளிப்புக்குள் சும்மா அமர்ந்திருக்கிறது. மழையில் உப்பினால் உள்ளே தள்ளும், கச்சானில் சுருங்கினால் வெளியே வரும், யாருக்கும் தெரியாது. பின்னங்கால் ஒன்று மட்டும் வெடித்திருந்தது. அதில் மட்டும்தான் பிற்காலத்தில் யாரோ இரும்புத் திருகாணி போட்டுத் திருத்தியிருக்கிறார்கள். இரும்பு துருப்பிடித்து வீங்கி மரத்தைப் பிளந்துவிட்டது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கும் ஊரில் உப்புக்காற்று எதைத்தான் விட்டது? 1924இல் திறந்த நம் பழைய கல்லடிப் பாலத்தின் கம்பியைத் தடவிவிட்டு வெள்ளைச் சட்டையில் கையைத் துடைத்து அடி வாங்கினோமே. இப்போது நான் பித்தளைக் கீல்தான் போடுகிறேன். துருவேறா உருக்கு என்றால் 316 தரம் என்று கேட்டு வாங்குகிறேன். 304 இங்கே ஒரு வருடத்தில் தேநீர் ஊற்றியது போலக் கறை பிடித்துவிடும்.

அந்தக் கதிரையைப் புளியந்தீவில் ஒரு பறங்கி ஓடாவி செய்ததாக உன் அம்மா சொல்வார். எனக்கு அதில் சந்தேகமில்லை. போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த நம் ஊர்ப் பறங்கியரில் தச்சுவேலையும் கொல்லுவேலையும் பரம்பரைத் தொழிலாக இருந்த குடும்பங்கள் எத்தனை! போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். பத்தே வருடம். ஆனால் பறங்கி வீடுகளில் அந்தப் போர்த்துக்கேயப் பேச்சு இன்றும் முற்றாகப் போகவில்லை. நம் வீடுகளிலும்தான். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், வாங்கு, சாவி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். என்னைப் பழிவாங்கிய லாச்சி மட்டும் ஒல்லாந்தருடையது. நினைத்துப் பார்த்தால் வேடிக்கை: உட்காருகிற சாமானுக்கெல்லாம் பறங்கிப் பெயர், படுக்கிற சாமானுக்கெல்லாம் நம் பெயர். பாய், கட்டில், தொட்டில், மெத்தை, தலையணை. நம் ஆட்கள் எதில் கெட்டிக்காரர்கள் என்று இதிலேயே தெரிகிறது.

பாய் என்றதும் ஞாபகம் வருகிறது. அதே விடுதியில் கட்டில்களின் தலைமாட்டுக்குப் பன் புல்லால் இழைத்த பாயைப் பதிக்கலாம் என்று எண்ணி, படுவான்கரையில் பாய் இழைக்கும் ஒரு மாமியிடம் போனேன். 60க்கு 180 சென்றிமீற்றர் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தின சாண் மனே?" என்று கேட்டார். என் கையால் அளந்து எட்டுச் சாண் என்றேன். அவர் தன் கையால் இழைத்தார். அவர் கை என் கையைவிடச் சின்னது! பாய்கள் எல்லாம் அரைச் சாணுக்கு மேல் கட்டையாக வந்தன. பன் பிடுங்கி, வகிர்ந்து, காயவைத்து, சாயத்தில் அவித்து, குந்தியிருந்து இழைத்த பாயை எந்த வாயால் வேண்டாம் என்பது? சட்டத்தை வெட்டிச் சின்னதாக்கினேன். பார்த்தால் கட்டிலுக்கு அந்த அளவுதான் பொருந்துகிறது, முதலில் போட்டதுதான் பெருத்துத் தெரிந்திருக்கும். பாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டேன், காற்றோட. விடாவிட்டால் மாரியில் பூஞ்சணம் பிடித்து அறையே நாறும். இந்தத் தடவை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பாயைப் பதிப்பதை ஏதோ நான் கண்டுபிடித்ததாக நினைக்காதே. கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா 1950ஐ ஒட்டி, கண்டியில் கட்டிய கருணாரத்ன வீட்டிலேயே கதவுகளில் அந்தப் பக்கத்துத் தும்பறை நெசவைப் பதித்துவிட்டார். இங்கே எவனைக் கேட்டாலும் ஜெப்ரி பாவா, பாவா என்பான். எனக்கும் பாவாவைப் பிடிக்கும். ஆனால் அவர் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றதே 1957இல். முதலில் செய்தவளின் பெயரை யார் சொல்கிறார்கள்?

திரைச்சீலைக்கும் மெத்தையுறைக்கும் துணி மருதமுனையில். இப்போதும் சில ஒழுங்கைகளில் தறிச் சத்தம் கேட்கிறது, சுனாமி அவ்வளவு அள்ளிக்கொண்டு போன பிறகும். சாரத்துக்குப் போடும் கட்டத்தையே பெரிதாக்கி, வாவியின் மாலை நிறத்தில் நெய்து தரச் சொன்னேன். வெட்டுவதற்கு முன் முழுத்துணியையும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தேன். கைத்தறிப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும். தையல்காரர், "சேர் இப்ப தேறிட்டார்" என்றார். லாச்சிக் கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது.

கல்லடியில் ஒரு வீட்டு வேலையும் செய்தேன். அதைப் பற்றி எழுத ஆசையில்லை. ஒன்பதடிக் கூரைக்குக் கீழே ஜிப்சம் தட்டு அடித்து, ஓரமெல்லாம் நீல வெளிச்சம் ஓடவேண்டும் என்றார்கள், சுவிஸிலிருந்து மகன் அனுப்பிய காணொளியில் இருப்பதுபோல. அப்புறம் மின்விசிறி தலையில் இடிக்கும், யன்னலை அகலமாக்குவோம் என்று இரண்டு மாதம் மன்றாடித் தோற்றேன். காசு வந்துவிட்டது. சரி, அது போகட்டும்.

இனி உன் கதிரை. வெடித்த காலைப் பழைய தேக்கிலேயே காக்கா மாற்றிவிட்டார், திருகாணி இல்லாமல். பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னியாயிற்று. காய்ந்ததும் மேளத் தோல்போல இறுகிவிட்டது, தட்டினால் சத்தம் கேட்கிறது. அனுப்புவதுதான் யோசனை. இங்கே மாரியில் காற்றின் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். உன் வீட்டில் மாசி மாதம் ஹீட்டர் ஓடும்போது 30க்கும் கீழே போகும். இந்த மரத்துக்கு அப்படியொரு வறட்சி தெரியாது. முளைகள் தளரலாம், பலகை வெடிக்கலாம். கொழும்பில் பாவா ஈனா டி சில்வாவுக்கு 1962 அளவில் கட்டிக்கொடுத்த வீட்டையே கல் கல்லாக இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கையில் திரும்பக் கட்டிவிட்டார்கள், ஒரு கதிரையை அனுப்ப உனக்கு என்ன என்று நீ கேட்பாய். அந்த வீடு மழையிலிருந்து மழைக்குப் போனது மச்சான்.

வேண்டுமானால் அனுப்புகிறேன், ஆனால் அறையில் ஈரப்பதமூட்டி ஒன்று வைத்து, ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம் போடுவேன் என்று சத்தியம் செய்யவேண்டும். இல்லையென்றால் இதே அளவில், உன் ஊர் மரத்தில் அங்கேயே ஒன்று செய்ய எல்லா அளவுகளும் எடுத்துப் படம் வரைந்து அனுப்புகிறேன். காக்கா சொன்ன இடைவெளியோடு. சித்திரைக்குள் முடிவு சொல்லு.

அதுவரை கதிரை என் விறாந்தையில்தான். பின்னேரங்களில் கதிரைக் கையில் காலைப் போட்டுக்கொண்டு நான்தான் சாய்ந்திருக்கிறேன், கோபிக்காதே. இன்னொன்று: வலக்கைப் பலகையின் நுனியில் நான்கைந்து வெள்ளைக் கறைகள் இருக்கின்றன. உன் அம்மப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலைத் துடைத்த இடம். மெருகு போடும்போது அதைத் தேய்க்கவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு விருப்பமில்லை என்றால் எழுது, தேய்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வாங்கில் இருந்தவன்