கச்சத்தீவில் சேர்ந்து உண்ண ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கச்சத்தீவு புனித அந்தோனியார் திருவிழா நெருங்கும்போதெல்லாம், எத்தனை படகுகள் புறப்பட்டன, எத்தனை பேர் சென்றனர், தீவு யாருக்கு உரியது என்ற செய்திகள் நாளிதழ்களில் நிறைய வருகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும், பலமுறை அங்கே சென்று வந்தவன் என்ற முறையில், அந்த மணலில் இந்தியா, இலங்கை என்ற இருகரை இறைமக்களுக்கும் இடையே உண்டாகும் உறவைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் இத்திருவிழா பல ஆண்டுகள் நடவாமல் இருந்தது. மீண்டும் தொடங்கிய பின், 2014-இல் நான் முதன்முறையாகச் சென்றேன். சிலுவைப்பாதை முடிந்து தேர்பவனிக்காகக் காத்திருந்த வேளையில், இலங்கையின் நெடுந்தீவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார் என் மனைவி நிற்க முடியாமல் தவிப்பதைக் கண்டு, தங்கள் பாயில் இடம் ஒதுக்கி, "இருங்கோ அக்கா" என்றார்கள். அக்குடும்பத்தின் பெரியவர் நாங்கள் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் என்று அறிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னார், 1990-இல் குழந்தைகளோடு கடல் தாண்டி வந்து மண்டபம் அகதிகள் முகாமில் தங்கியிருந்ததையும், ஞாயிறுதோறும் எங்கள் ஊர்ப் பக்கம் பூசைக்கு வந்ததையும். எங்கள் தெருக்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு விசாரித்தது இன்னும் என் செவியில் இருக்கிறது. அன்றிரவு இரு குடும்பமும் சேர்ந்து செபமாலை சொன்னோம். இராகம் சற்று வேறுபட்டாலும் யாரும் தடுமாறவில்லை. விடியற்காலையில் அவர்கள் கட்டி வந்த புட்டையும் எங்கள் கருப்பட்டியையும் பகிர்ந்துகொண்டோம்.

அதன்பின் நான் சென்ற ஆண்டுகளிலெல்லாம், 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்ட புதிய ஆலயத்தின் வாசலில் சந்திப்பதே எங்கள் வழக்கமாயிற்று. 2024-இல், எங்கள் மீனவர்களுக்கு இலங்கையில் விதிக்கப்பட்ட சிறைத் தண்டனையைக் கண்டித்து எங்கள் பகுதியினர் திருவிழாவைப் புறக்கணித்தபோது நானும் செல்லவில்லை. அந்த முடிவில் நியாயம் இருந்தது என்றே இன்றும் கருதுகிறேன். அன்று இரவு நெடுந்தீவுப் பெரியவர் தொலைபேசியில் அழைத்து, எங்கள் பெயரையும் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றியதாகக் கூறினார். நெஞ்சு நிறைந்தது, ஆனால் அருகருகே முழந்தாளிட்டு வேண்டுவதற்குத் தொலைபேசி ஈடாகாது என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.

இந்தியப் பயணிகளும் மீனவர்களும் இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ இன்றி அங்கே சென்று வரலாம் என்று இரு நாடுகளும் செய்துகொண்ட 1974 உடன்படிக்கை கூறுகிறது. அவ்வாறு சென்று தங்கும் திருவிழாவின் இரண்டு நாட்களில், உண்மையில் ஒருவரோடொருவர் அமர்ந்து பேசக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. முதல் நாள் கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் தேர்பவனியுமாகக் கழிகிறது. மறுநாள் காலைக் கூட்டுத் திருப்பலி முடிந்ததும் படகுக்கு விரைய வேண்டியிருக்கிறது. பழகியவர்கள் எங்களைப் போல் தேடிச் சந்தித்துக்கொள்கிறார்கள். புதிதாக வரும் இளைஞர்களோ தம் ஊராருடனேயே இருந்துவிட்டுச் சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; பேசுவதற்கான ஓர் ஏற்பாடு அங்கே இல்லை.

எனவே யாழ்ப்பாணம், சிவகங்கை மறைமாவட்டங்களின் ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருப்பலி முடிந்தபின், படகு ஏறுமுன், ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம் ஆலயப் பங்குகளில் அக்கம்பக்கக் குடும்பங்கள் அன்பியமாகக் கூடிச் செபிப்பதைப் போல, இரு நாட்டுக் குடும்பங்களும் சில பேராகச் சேர்ந்து அமர்ந்து உண்ணவும் ஒருவருக்காக ஒருவர் செபிக்கவும் வழிசெய்ய வேண்டும். சிங்கள மொழி பேசும் இறைமக்களும் அங்கே வருகிறார்கள். மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களையும் அவ்வட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தீவில் குடிநீர் இல்லாததால், உணவையும் நீரையும் யார் கொண்டு வருவது என்பதை இரு தரப்புப் பங்குத்தந்தையரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும். அடுத்த திருவிழாவுக்கான பெயர்ப்பதிவு தொடங்குமுன் இது அறிவிக்கப்பட்டால், புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியிருக்கும் என் பேரனையும் அழைத்துச் செல்வேன். நெடுந்தீவுப் பெரியவரும் தம் பேத்தியை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
தங்கச்சிமடம்.