மலிவு விலை டேப்லெட்: பெட்டியில் அச்சிடாத விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாயிரம் ரூபாய்க்குள் மாணவர்களுக்கு வாங்கத்தக்க டேப்லெட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திரையின் அளவு, கேமரா, பேட்டரி எனப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதையெல்லாம் கட்டுரையாளர் ஒப்பிட்டிருக்கிறார். அத்தகைய ஒன்றை ஒன்றரை ஆண்டாக என் பேத்தியும் நானும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருவதால், பெட்டியில் அச்சிடாத சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

குறை சொல்வதற்கு முன், வாங்கியதற்காக வருந்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசுப் பாடநூல்கள் பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறு அங்குலக் கைபேசியில் அவற்றைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படித்த பிள்ளைக்கு, முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் காட்டும் பத்து அங்குலத் திரை பெரிய வசதி. இயற்பியல் பாடத்தில் ஒளிவிலகல் படத்தையும் அதன் விளக்கத்தையும் இப்போது சேர்த்தே பார்க்க முடிகிறது. காணொளிப் பாடங்களுக்கும் குறையில்லை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் இரண்டு நாள் தாங்குகிறது, ஆனால் முழுதாக ஏறுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

திரையில் ஒரு நுட்பமான குறை உண்டு. பத்து அங்குலத் திரையில் 1280 × 800 புள்ளிகள் என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 150 புள்ளிகள்தாம் வரும். 1920 × 1200 என்றால் அது சுமார் 225 ஆகிறது. படம் பார்ப்பவர்க்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து பழைய நூலொன்றின் வருடப்பட்ட (ஸ்கேன் செய்த) பக்கங்களைத் திறந்து பாருங்கள்: மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி கரைந்துபோய், 'க்' எது, 'க' எது என்று விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கில எழுத்துகளை வைத்துத் திரையை மதிப்பிடும் விமர்சனங்களில் இது பேசப்படுவதே இல்லை.

பெரிய குறை நினைவகத்தில் இருக்கிறது. எங்கள் டேப்லெட்டின் ரேம், அதாவது செயலிகள் இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், மூன்று ஜிபி. பேத்திக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தோம். பெயர், முகவரி, வங்கிக் கணக்கு விவரம் என முக்கால் மணி நேரம் தட்டச்சு செய்து முடித்து, மதிப்பெண் சான்றிதழைப் படமெடுத்து இணைப்பதற்காகக் கேமராவைத் திறந்தோம். திரும்பி வந்தபோது பக்கம் மறுபடியும் முதலிலிருந்து ஏறியது. நிரப்பிய கட்டங்களில் ஓர் எழுத்துகூட இல்லை. கேமராவுக்கு இடம் போதாமல் உலாவியை இயங்குதளமே மூடிவிட்டிருக்கிறது. இரண்டாம் முறையும் அதுவே நடந்த பிறகு, தெருமுனையிலுள்ள கணினி மையத்துக்குப் போய்ப் பணம் கொடுத்து முடித்துவிட்டு வந்தோம்.

இதற்கு மருந்தாகச் சில பெட்டிகளில் '4 + 4 ஜிபி ரேம்' என்று அச்சிடுகிறார்கள். முதல் நான்குதான் உண்மையான ரேம். மற்றது கோப்புகளை வைத்திருக்கும் சேமிப்பகத்திலிருந்து கடனாக எடுப்பது. மலிவு விலைக் கருவிகளில் உள்ள சேமிப்பகம் ரேமைவிடப் பன்மடங்கு மெதுவானது என்பதால், இரண்டையும் கூட்டி எட்டு என்று சொல்வது வாங்குபவரை ஏய்ப்பதாகவே எனக்குப் படுகிறது. 32 ஜிபி சேமிப்பகம் என்பதும் இந்த வகைதான். இயங்குதளமும் முன்பே நிறுவிய செயலிகளும் எடுத்துக்கொண்டது போக, முதல் நாளிலேயே எங்களுக்கு மிஞ்சியது ஏறத்தாழ பாதி. மெமரி கார்டு போட்டால் படங்களையும் காணொளிகளையும் அங்கே மாற்றலாம், செயலிகளை மாற்றுவதற்குப் பெரும்பாலும் வழியில்லை.

'ஆகாஷ்' டேப்லெட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011 அக்டோபர் 5 அன்று புது தில்லியில் அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட அந்தக் கருவியை, உலகின் மிக மலிவான டேப்லெட் என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 256 எம்பி ரேமும் கொண்டிருந்த அதில், அழுத்தினால்தான் உணரும் தொடுதிரை இருந்தது. குறைகள் எழுந்ததும், 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இல் பிராசஸரை ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் ரேமை 512 எம்பிக்கும் உயர்த்தி, விரல் பட்டாலே உணரும் திரையைப் பொருத்தினார்கள். விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்குவதையெல்லாம் உள்ளே திணிக்கும் அந்தப் பழக்கம் இன்றைய மலிவு டேப்லெட்டுகளிலும் தொடர்வதாகவே நினைக்கிறேன். தொடுதிரைத் தொல்லை தீர்ந்துவிட்டது, நினைவகத் தொல்லை தீரவில்லை.

கடைசியாக, மென்பொருளின் ஓட்டைகளை அடைக்க இணையவழி வரும் பாதுகாப்புப் புதுப்பிப்பு. எங்கள் கருவிக்கு வாங்கிய எட்டாம் மாதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அது எதுவரை வரும் என்று விற்பனையாளரைக் கேட்டதற்கு, "ஓராண்டு வாரண்டி இருக்கிறதே, சார்" என்றார்! இரண்டும் வேறு என்பதை அவருக்கு விளக்கிப் பயனில்லை. நம் நாட்டில் டேப்லெட்டுகளை விற்க இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு தேவை. ஆனால் அந்தப் பதிவு மின்சாரப் பாதுகாப்பு முதலியவற்றைப் பற்றியது, மென்பொருளின் ஆயுளைப் பற்றியதன்று. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2025 ஜூன் 20 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, ஒரு மாதிரியைச் சந்தையில் விடுவது நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும்.

அந்த அளவுக்கு உடனே போகாவிட்டாலும், உண்மையான ரேம் எவ்வளவு, பயனருக்கு மிஞ்சும் சேமிப்பகம் எவ்வளவு, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு எந்த மாதம் வரை வரும் என்னும் மூன்று விவரங்களையும் பெட்டியின் மேல் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை உத்தரவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.